ஓகே என்னும் ஈரெழுத்துச் சொல்லுக்கு ஒரு விரிவுரை

சொல்லாராய்ச்சி செய்பவர்கள் பெரும்பாலும் பெரிய சொற்களின் பின்னால்தான் போகிறார்கள். அறம், ஊழ், திணை என்று ஒன்றை எடுத்துக்கொண்டு ஐந்நூறு பக்கம் எழுதி, முனைவர் பட்டமும் வாங்கி, ஓய்வூதியத்துடன் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அறம் என்ற சொல்லை ஒரு நாளில் நாம் எத்தனை முறை சொல்கிறோம்? ஊழ் என்று சொல்லி யாராவது ஆட்டோ பேசியது உண்டா? ஓகே சொல்லாமலோ ஆட்டோ ஏற முடியாது, வரன் முடிக்க முடியாது, கம்ப்யூட்டரில் தானாகத் திறந்துகொண்டு மிரட்டும் பெட்டியை மூடவும் முடியாது. இத்தனை பாடுபடும் சொல்லுக்குத் தமிழில் இதுவரை ஓர் உரை எழுதப்படாதது பெருங்குறை. அக்குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். நோக்கம் என்று ஒன்று சொன்னால்தான் ஆய்வுக் கட்டுரை என்று ஒப்புக்கொள்கிறார்கள் என்பதால் அதை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

உரை மரபுப்படி முதலில் எழுத்து, அப்புறம் சொல். ஓ என்பது நெடில். தனித்து நின்றும் பொருள் தரும். நன்னூலை இயற்றிய பவணந்தியார் எண்ணித் தந்த 42 ஓரெழுத்து ஒருமொழிகளில் அதுவும் ஒன்று. மதகில் நீரைத் தாங்கும் பலகை என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். கே அந்தப் பட்டியலில் இல்லை. ககர வரிசையில் கா, கூ, கை, கோ என்ற நான்கோடு பவணந்தியார் நிறுத்திக்கொண்டார். ஆக, தமிழ் மரபுப்படி ஓகே என்பதில் முற்பாதி மதகுப் பலகை. பிற்பாதி ஒன்றுமே இல்லை. தண்ணீர் திறந்துவிடலாமா என்று கேட்கும் நீர்க்கட்டிக்கு இது ஓரளவு பொருத்தமான விடைதான். மற்றவர்களுக்கு உதவாது. ஆகவே கடல் கடக்க வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரம், 1839 மார்ச் 23, சனிக்கிழமை. சார்லஸ் கார்டன் கிரீன் என்பவர் ஆசிரியராக இருந்த 'பாஸ்டன் மார்னிங் போஸ்ட்' நாளிதழின் இரண்டாம் பக்கம். அந்த ஊரில் மணியடிப்பு எதிர்ப்புச் சங்கம் என்று ஒரு வேடிக்கைச் சங்கம் இருந்தது. அதன் உறுப்பினர்கள் வெளியூர் போகும் செய்தியை வைத்துப் பக்கத்து ஊரான பிராவிடன்ஸின் பத்திரிகை ஆசிரியரை வம்புக்கு இழுத்து ஒரு குறும்புப் பத்தி அன்று வந்தது. பத்தியின் நடுவே ஓ.கே. என்று இரண்டு எழுத்து. ஒட்டினாற்போல் 'ஆல் கரெக்ட்', அதாவது எல்லாம் சரி, என்று விளக்கம். இன்றுவரை கிடைத்திருக்கும் மிகப் பழைய அச்சுச் சான்று இதுதான். ஓகேயின் ஜாதகத்தை இந்த நாளை வைத்துத்தான் கணிக்க வேண்டும்.

இங்கே கூர்ந்து பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. ஆல் கரெக்ட் என்பதன் முதலெழுத்துகள் ஆங்கிலத்தில் ஏ, சி. முறைப்படி அது ஏ.சி. என்றுதான் சுருங்கியிருக்க வேண்டும். அப்படிச் சுருங்கியிருந்தால் இன்று உலகமே ஒருவரையொருவர் ஏசிக்கொண்டிருக்கும். நல்லவேளை, எழுதியவர் வேண்டுமென்றே தப்பாக எழுதினார். ஆல் என்பதை ஓ போட்டுத் தொடங்கினார்; கரெக்ட் என்பதைக் கே போட்டுத் தொடங்கினார். காதுக்குச் சரியாகக் கேட்கும்; கண்ணுக்குப் பள்ளிக்கூடம் போகாதவன் எழுத்தாகத் தெரியும். எல்லாம் சரி என்று சொல்லும் சொல்லில் இருப்பதே இரண்டு எழுத்து, இரண்டும் தப்பு. நகைச்சுவை அவ்வளவுதான். பிரமாதம் என்று நான் சொல்ல மாட்டேன்.

1838 கோடையிலிருந்தே பாஸ்டன் பத்திரிகைகளுக்கு இந்தச் சுருக்கெழுத்துக் காய்ச்சல் கண்டிருந்தது. அற்பமானதை 'சின்ன உருளைக்கிழங்கு' என்பார்கள், அது எஸ்.பி. ஆனது. கடன்காரனுக்கு டிமிக்கி கொடுத்து ஊரைவிட்டு ஓடியவனை 'டெக்சாஸுக்குப் போயாச்சு' என்பார்கள், அது ஜி.டி. ஆனது. நோ யூஸ் என்பதைத் தப்பாக எழுதிக் கே.ஒய். என்றார்கள். ஆல் ரைட் என்பதைத் தப்பாக எழுதி ஓ.டபிள்யூ. என்றார்கள். நன்னூலார் குழூஉக்குறி என்றது இதைத்தான். பொற்கொல்லர் பொன்னைப் பறி என்று சொல்வதை உரைகாரர்கள் காட்டுவார்கள். பொற்கொல்லருக்காவது எதிரே நிற்கும் வாடிக்கையாளருக்குப் புரியக்கூடாது என்ற தொழில் நியாயம் இருந்தது. பாஸ்டன்காரர்களோ சுருக்கிய கையோடு பக்கத்திலேயே விரித்தும் எழுதினார்கள். ரகசியமும் காப்பாற்றப்படவில்லை, இடமும் மிச்சமாகவில்லை. வேலையில்லாதவர்கள் எங்கும் உண்டு என்பது இதனால் பெறப்படும்.

அந்தக் கூட்டத்தில் மற்றதெல்லாம் செத்துப்போயிற்று. ஓ.டபிள்யூ. புதைத்த இடத்தில் புல் முளைத்துவிட்டது. அது சுருக்க வந்த 'ரைட்' மட்டும் எப்படியோ தப்பித்து, தமிழ்நாட்டுப் பேருந்துகளின் பின்படிக்கட்டில் தொற்றிக்கொண்டு, கண்டக்டரின் விசிலுக்குத் துணையாக 'போலாம் ரைட்' என்று இன்றும் உயிரோடு இருக்கிறது. இதுபற்றித் தனி ஆய்வு தேவை. நிதி கிடைத்தால் செய்யலாம்.

ஓகே மட்டும் பிழைத்தது எப்படி? தேர்தல் வந்து காப்பாற்றியது. எட்டாவது ஜனாதிபதி மார்ட்டின் வான் பியூரன் 1840-இல் இரண்டாம் முறையாக நின்றார். நியூயார்க் மாநிலத்துக் கிண்டர்ஹூக் என்னும் சிற்றூர்க்காரர். டச்சுக் குடும்பம், வீட்டில் புழங்கியது டச்சு, ஆங்கிலம் அப்புறம் கற்றுக்கொண்டது. ஆங்கிலத்தின் மிகப் புகழ்பெற்ற சொல் ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத ஒருவரின் தோளில் ஏறி உலகத்துக்குள் வந்தது என்பதை ஆங்கிலேயர் அதிகம் பேசுவதில்லை. கட்சிக்காரர்கள் அவரை 'ஓல்ட் கிண்டர்ஹூக்', கிண்டர்ஹூக் பெரியவர், என்று அழைத்தார்கள். முதலெழுத்துகளைச் சேர்த்தால் ஓ.கே. வருகிறதே என்று யாருக்கோ தோன்றியது. நியூயார்க் நகரில் ஓ.கே. கிளப் தொடங்கிவிட்டார்கள். தலைவர் பெயரும் அதுவே, எல்லாம் சரி என்பதும் அதுவே. ஊர்ப்பெயரால் தலைவரை அழைத்து அதற்கு ஒரு மன்றமும் வைப்பது நமக்கொன்றும் புதிதல்ல.

சொல் முன்பே இருந்தது. விரிவு பிறகுதான் வந்தது என்பதைக் குறித்துக்கொள்க. இந்த வித்தை தமிழ்த் திரையுலகத்துக்கு நன்றாகத் தெரியும். ராஜேஷ் இயக்கிய 'ஒரு கல் ஒரு கண்ணாடி' 2012-இல் ஓகே ஓகே என்ற பெயரில்தான் ஊரெங்கும் ஓடியது. மணிரத்னத்தின் 'ஓ காதல் கண்மணி' 2015-இல் ஓகே கண்மணி ஆனது. தெலுங்குக்குப் போனபோது ஓகே பங்காரம். கவனியுங்கள், ஆற்றைக் கடக்கும்போது காதல் தண்ணீரோடு போய்விட்டது, ஓகே மட்டும் கரையேறியது. வான் பியூரனின் தொண்டர்கள் 175 ஆண்டுகளுக்கு முன்பே செய்துவைத்த வேலை இது.

எதிர்க்கட்சி சும்மா இருக்குமா? விக் கட்சிக்காரர்கள் அதே எழுத்தைத் திருப்பி அடித்தார்கள். காசு போச்சு, கடன் கொடுப்பார் போச்சு, குணம் போச்சு, கட்டத் துணியும் போச்சு என்று நான்கையும் கே போட்டுத் தப்பும் தவறுமாக எழுதி, ஓ.கே. என்றால் இதுதான் என்றார்கள். அதோடு விடவில்லை. வான் பியூரனின் குருநாதர், முன்னாள் ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜாக்சன், எல்லாம் சரி என்று ஒழுங்காக எழுதத் தெரியாமல் கோப்புகளில் ஓ.கே. என்று கிறுக்கிவைத்தார், அதிலிருந்துதான் இந்தச் சொல்லே வந்தது என்று ஒரு கதையையும் அவிழ்த்துவிட்டார்கள். கலப்படமில்லாத பொய். ஆனாலும் அச்சில் வந்த பொய் அல்லவா, நூறாண்டுக்கு மேல் தாக்குப்பிடித்தது. தேர்தலில் வில்லியம் ஹென்றி ஹாரிசனுக்கு 234 தேர்வர் வாக்குகள், வான் பியூரனுக்கு 60. வென்றவர் பதவியேற்ற ஒரே மாதத்தில் இறந்துபோனார். தோற்றவர் கிண்டர்ஹூக்குக்குத் திரும்பிப் போனார். இருவர் பெயரையும் இன்று தேர்வுக்குப் படிப்பவர்கள்கூட மறந்துவிடுகிறார்கள். கிளப்பின் பெயர்ப்பலகையில் இருந்த இரண்டு எழுத்து மட்டும் நின்றது.

இவ்வளவையும் தோண்டி எடுத்தவர் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆலன் வாக்கர் ரீட். 1941-இல் கிளப் சமாச்சாரத்தை வெளியிட்டார். பிறகும் விடாமல் பழைய செய்தித்தாள்களைப் புரட்டி, 1963, 1964 ஆண்டுகளில் 'அமெரிக்கன் ஸ்பீச்' இதழில் தொடர் கட்டுரைகளாக பாஸ்டன் வரைக்கும் போய்ச் சேர்ந்தார். மனிதரை மெச்சத்தான் வேண்டும். அவர் 1928-இல் அமெரிக்காவின் மேற்குப் பகுதிகளில் சுற்றியபோது பொதுக் கழிப்பறைச் சுவர்களில் மக்கள் எழுதிவைத்திருந்ததையெல்லாம் பொறுமையாகப் படியெடுத்து, 1935-இல் பாரிசில் 75 பிரதிகள் மட்டும் அச்சிட்டவர். பல்லவர் கல்வெட்டைப் படியெடுப்பவருக்கு மாலை போடுகிறோம். இவருக்கும் ஒன்று போடலாம். கழிப்பறைச் சுவரைப் படித்துப் பழகிய கண்ணுக்குப் பழைய செய்தித்தாள் எம்மாத்திரம்!

இனிப் பிறர் கொள்கை மறுத்தல். நூலுக்குரிய எழுவகை மதங்களில் பிறர் நூற் குற்றம் காட்டுவதே எனக்கு என்றும் பிடித்தது.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் படைவீரர்களுக்கு ஓ. கெண்டல் கம்பெனியின் ரொட்டி போனது, பெட்டியில் இருந்த முத்திரையிலிருந்து ஓகே பிறந்தது என்பர் ஒருசாரார். அன்று யாரும் சாகவில்லை, பூஜ்யம் பேர் பலி என்பதைச் சுருக்கிப் பாசறையில் எழுதிவைத்தார்கள், அதுவே ஓகே என்பர் வேறொரு சாரார். அற்றன்று. அந்தப் போர் தொடங்கியது 1861-இல். 22 வயதான பிள்ளைக்கு இனிமேல்தான் பிரசவம் என்றால் எந்த மருத்துவமனையும் சான்றிதழ் தராது. ஒபதையா கெல்லி என்ற ரயில்வே குமாஸ்தா சரக்குச் சீட்டுகளில் போட்ட கையொப்பம் என்றொரு கதை உண்டு. குமாஸ்தா இருந்ததற்கே சான்று இல்லை. ஹைத்தியின் ஓ காய் துறைமுகத்து ரம் சாராயம் நன்றாக இருந்ததால் நல்லதையெல்லாம் ஓகே என்றார்கள் என்ற கொள்கை எந்த நிலையில் தோன்றியிருக்கும் என்பது சொல்லாமலே விளங்கும்.

கிரேக்கர்கள் 'ஓலா கலா' என்கிறார்கள். எல்லாம் நலம் என்று பொருள். ஸ்காட்லாந்துக்காரர்கள் 'ஓக் ஐ' என்கிறார்கள். பின்லாந்துக்காரர்கள் 'ஓய்க்கேயா' என்கிறார்கள். சரி என்று பொருள். அமெரிக்கப் பழங்குடியினரான சோக்டா மக்களின் மொழியில் 'அப்படியே' என்ற பொருளில் இதே ஓசையோடு ஒரு சொல் உண்டு. ஜனாதிபதி உட்ரோ வில்சன் அதை முழுதாக நம்பினார்; கோப்புகளில் ஓகே என்று எழுதாமல், சோக்டா உச்சரிப்புக்குப் பொருந்த இறுதியில் ஒரு ஹகரம் சேர்த்து எழுதுவார். பல்கலைக்கழகத் தலைவராக இருந்துவிட்டு ஜனாதிபதி ஆனவர் அல்லவா, சுருக்கெழுத்துக்கும் ஆதாரம் வேண்டியிருந்தது. மேற்கு ஆப்பிரிக்காவின் வோலோப் மொழியில் ஆம் என்பதை 'வாவ் கே' என்று அழுத்திச் சொல்வார்கள், அடிமைகளாகப் பிடித்து வரப்பட்டவர்களோடு அது அமெரிக்கா வந்தது என்று டேவிட் டால்பி என்ற மொழியறிஞர் சொன்னார். இதைச் சிரித்துத் தள்ள எனக்கு மனம் வரவில்லை. எழுதப் படிக்க விடாமல் வைத்திருந்த மக்களின் சொல்லுக்கு அச்சுச் சான்று கொண்டு வா என்று கேட்பது நியாயமான கேள்வியும் அல்ல. ஆனாலும் பாஸ்டன் பத்திரிகை கையில் இருக்கிறது. மற்றது ஓசை ஒப்புமையாக மட்டுமே நிற்கிறது.

இவற்றையெல்லாம் வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு விதி புலப்படும். இதைப் பிறந்தகத்து விதி என்று பெயரிடுகிறேன். ஓகேயின் பிறப்பிடத்தை அறிய ஆராய்ச்சியே வேண்டாம். ஆராய்ச்சியாளரின் பிறப்பிடத்தை விசாரித்தால் போதும்.

இவ்விதிப்படி நான் சும்மா இருப்பது தமிழுக்குச் செய்யும் துரோகம். ஆகவே கேளுங்கள். உவகை என்ற சொல் ஓகை என்று மருவும். மகிழ்ச்சி என்று பொருள். அகராதியைப் புரட்டினால் கிடைக்கும், நான் கட்டிய கதை அல்ல. சொல்லின் இறுதி ஐகாரம் பேச்சில் எகரமாகத் தேய்வதும் யாவரும் அறிந்தது. தலை தலெ ஆகும், இலை எலெ ஆகும். எனில் ஓகை ஓகெ ஆகும்; சந்தோஷத்தில் இழுத்துச் சொன்னால் ஓகே. இதற்குமேல் என்ன வேண்டும்? போதாதென்றால் இன்னொன்றும் வைத்திருக்கிறேன். ஈழத்தில் ஆம் என்பதற்கு இன்றும் ஓம் என்றுதான் சொல்வார்கள். "சாப்பிட்டாச்சோ?" "ஓம்." இந்த ஓம் என்பதோடு 'கேள்' சேர்ந்து ஓங்கேள் ஆகி, எனக்கு இடைஞ்சலாக இருந்த மெய்கள் இரண்டும் கெட்டு, ஓகே ஆயிற்று. மெய்கள் ஏன் கெட்டன என்று கேட்பவர்கள் விகாரம் என்று வைத்துக்கொள்க.

அற்றேல், சொல் பாஸ்டனுக்குப் போனது எப்படி என்பார்க்கு விடை உண்டு. ராஜேந்திர சோழனின் கப்பற்படை 1025-இல் கடாரம் வரை போனது. கடாரத்திலிருந்து பாஸ்டனுக்கு வழி கேட்பவர்கள் தமிழ்ப்பற்று இல்லாதவர்கள். இன்னும் உறுதியான ஆளும் இருக்கிறார். சென்னைச் செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் கவர்னராக இருந்து, பெரும் பொருள் சேர்த்து, அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குத் தன் பெயரைக் கொடுத்த எலிஹு யேல் பிறந்த ஊர் எது? பாஸ்டன்! இதைக் கண்டதும் துள்ளி எழுந்தேன். ஆனால் சிறுபிள்ளையிலேயே பாஸ்டனை விட்ட அந்த மனிதர் அதற்குப் பிறகு அந்தப் பக்கம் தலைவைத்தே படுக்கவில்லை. ஓகையைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஆள் இல்லாமல் போயிற்று.

எதிர்த்திசையில்தான் உண்மையான தொடர்பு ஒன்று கிடைக்கிறது. பாஸ்டன் வியாபாரி பிரடரிக் டியூடர் தன் ஊர்ப்பக்கத்து ஏரிகளில் குளிர்காலத்தில் உறைந்த பனிக்கட்டியை வெட்டி, மரத்தூளில் பொதிந்து, கப்பலேற்றி இந்தியாவுக்கு விற்றார். சென்னையில் அதைச் சேமிக்க 1842-இல் கடற்கரையோரம் கட்டிய கட்டடம்தான் ஐஸ் ஹவுஸ். பின்னாளில் விவேகானந்தர் தங்கியதால் இன்று விவேகானந்தர் இல்லம். ஓகே பிறந்தது 1839, ஐஸ் ஹவுஸ் எழுந்தது 1842. அந்தக் கப்பல்களில் வந்த பாஸ்டன் மாலுமி எவனாவது, பெட்டியை இறக்கிய மெட்ராஸ் கூலியாளிடம் அந்தப் புதிய சொல்லைச் சொல்லியிருக்கக்கூடும். சான்று? உருகிவிட்டது.

இந்திய லாரிகளின் முதுகைத் தொடாமல் இந்த உரை நிறைவு பெறாது. வடக்கே இருந்து வரும் லாரிகளின் பின்பலகையில் மஞ்சளும் சிவப்புமாக, இருபுறமும் தாமரை, நடுவே பெரிதாக ஓகே. அதன் இடப்பக்கம் ஹாரன், வலப்பக்கம் பிளீஸ். நம் நாமக்கல் லாரிகள் 'சவுண்ட் ஹாரன்' என்று விஷயத்தைச் சுருக்கமாக முடித்துக்கொள்கின்றன. ஹாரன் அடி, தயவுசெய்து என்பது விளங்குகிறது. நடுவில் ஓகே எதற்கு? இரண்டாம் உலகப் போர்க்காலத்து டீசல் தட்டுப்பாட்டில் மண்ணெண்ணெயில் ஓடிய வண்டிகள் 'ஆன் கெரசின்' என்று எச்சரித்ததன் மிச்சம் என்கிறார்கள் சிலர். டாடா நிறுவனம் விற்ற ஓகே சோப்பின் விளம்பரம், தாமரையே சாட்சி என்கிறார்கள் சிலர். ஓவர்டேக் என்பதில் எழுத்துகள் உதிர்ந்துபோய் மிஞ்சியது என்கிறார்கள் வேறு சிலர். பாஸ்டனில் நடந்ததே இங்கும் நடக்கிறது பாருங்கள்: பெயின்டர் அழகுக்காக எழுதியிருக்கலாம் என்ற எண்ணம் மட்டும் யாருக்கும் வருவதில்லை. ஹாரன் அடிக்கச் சொல்லித் தூண்டுகிறது என்று மகாராஷ்டிர அரசு 2015-இல் இந்த வாசகத்துக்குத் தடை போட்டது. ஒலி மாசுக்காகத் தடையில் மாட்டிய சொற்களில் முதன்மையானது ஓகே என்க.

பிறப்பு போதும், பொருளுக்கு வருவோம். சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதி ஒரு சொல்லுக்குப் பல பொருள் சொல்வது. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் அதைத் தலைகீழாக ஒப்பிப்பார்கள். அந்த நிகண்டை இயற்றிய மண்டல புருடர் இன்று இருந்திருந்தால் ஓகேயை அந்தத் தொகுதியில்தான் சேர்த்திருப்பார். சேர்த்தபின் அந்தத் தொகுதியே போதவில்லை என்று பன்னிரண்டாம் தொகுதியையும் அதற்கே ஒதுக்கியிருப்பார்.

நன்னூல் விடையை எட்டாகப் பிரிக்கிறது. எட்டுக்கும் தனித்தனி வாக்கியம் தேவைப்பட்டது பவணந்தியார் காலம். இன்று எட்டுக்கும் ஓகே ஒன்றே போதும். "நாளைக்கு வர்றியா?" "ஓகே." இது நேர்விடை. "இந்த வாரம் எங்க அம்மா வர்றாங்க, ஒரு மாசம் இருப்பாங்க." "ஓகே." இது மறைவிடை, திருமணமானவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. "நான் கிளம்பட்டுமா?" "ஓகேயா?" இது வினாவுக்கு எதிர்வினா. "படம் எப்படிப்பா இருந்துச்சு?" "ம்... ஓகே." இது உற்றது உரைத்தல்: போன பணம் போனதுதான், நீயாவது போகாதே. பொண்ணு ஓகே சொல்லிட்டா என்றால் காதல். பொண்ணு வீட்டுல ஓகே சொல்லிட்டாங்க என்றால் செலவு.

எழுத்தில் வரும்போது இன்னொரு விதி வேலை செய்கிறது. வாட்ஸ்அப்பில் எழுத்து குறையக் குறையக் கோபம் கூடும். 'ஓகேப்பா' என்று வந்தால் அன்பு. 'ஓகே' என்று வந்தால் வேலை. வெறும் 'கே' என்று வந்தால் அன்று இரவு வீட்டுக்குச் சீக்கிரம் போவது நல்லது. பவணந்தியார் பொருளில்லை என்று விட்டுவிட்ட அதே கே!

இந்தச் சொல்லின் முழு வலிமையைப் பார்க்க வேண்டுமானால் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகத்துக்குப் போக வேண்டும். சிவகாசிப் பக்கம் ஒரு கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். மேசைமேல் ப்ரூஃப் தாள். பெண்ணின் அப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, சிவப்புப் பேனாவோடு குனிந்திருக்கிறார். தாய்மாமன் பெயருக்கு முன்னால் 'திரு' விட்டுப்போயிருக்கிறது, சேர்க்கிறார். முகூர்த்த நேரத்தை மூன்று முறை வாய்க்குள் சொல்லிப் பார்க்கிறார். பட்டம் வாங்கிய மருமகப்பிள்ளைக்குப் பட்டத்தில் புள்ளி இல்லை, வைக்கிறார். "எல்லாம் பாத்தாச்சா அண்ணாச்சி? அப்ப ஓகேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்ருங்க." போடுகிறார். தேதியும் போடுகிறார். ஆயிரம் பிரதி அச்சாகி வந்து பார்த்தால் சம்பந்தி பெயரின் இனிஷியல் தப்பு. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடைக்கு வருகிறார். அச்சகக்காரர் ஒரு வார்த்தை பேசுவதில்லை. மேசை டிராயரை இழுத்து, அந்தத் தாளை எடுத்து, ஓகே என்ற இரண்டு எழுத்தின்மேல் விரலை வைக்கிறார். அதோடு வழக்கு முடிந்தது. ஓகே எழுதிய நொடியில் பிழை கைமாறிவிடுகிறது. பத்திரப்பதிவு அலுவலகத்தில்கூட உரிமை இவ்வளவு சுருக்கமாக மாறாது. முத்திரைத்தாள் செலவும் இல்லை.

இதே தொழிலில் 'ஓகே வித் கரெக்‌ஷன்ஸ்' என்று இன்னொரு வழக்கு உண்டு. திருத்தம் குறித்திருக்கிறேன், செய்துவிட்டு அச்சுக்கு அனுப்பு என்று பொருள். மூலப்பொருளை வைத்து விரித்தால், எல்லாம் சரி, ஆனால் கீழ்க்கண்டவை தப்பு. பாஸ்டன் குறும்பர்களுக்கே இவ்வளவு தூரம் தோன்றியிருக்காது.

இயந்திரங்களுக்கு ஓகே வந்தது தனிக்கதை. ஆப்பிள் நிறுவனம் 1983-இல் வெளியிட்ட லிசா கம்ப்யூட்டரை உருவாக்கிக்கொண்டிருந்தபோது, பொத்தானில் முதலில் 'டூ இட்', செய், என்றுதான் எழுதியிருந்தார்கள். இரண்டு சொற்களும் ஒட்டி நின்றன. இடையில் இருந்த ஐ என்ற எழுத்து அந்தத் திரையில் எல் போலத் தெரிந்தது. சோதித்துப் பார்க்க உட்கார்ந்த ஒருவர் அதை 'டோல்ட்' என்று படித்துவிட்டார். மண்டு என்று பொருள். என்னை ஏன் இந்த மெஷின் மண்டு என்கிறது என்று கடுப்பாகிவிட்டார். கொச்சையாக இருக்கிறதே என்று அதுவரை ஒதுக்கிவைத்திருந்த ஓகேயை உள்ளே விட்டார்கள். அன்று நுழைந்ததுதான், உங்கள் கோப்பு அழிந்துவிட்டது என்று சொல்லும் பெட்டியிலும் இன்று ஓகே ஒன்றுதான் அழுத்தக் கிடைக்கிறது. ஓகே இல்லை என்று சொல்ல வழியே வைக்கவில்லை.

ஓகே விண்வெளிக்கும் போயிருக்கிறது. 1961 மே 5-இல் ஆலன் ஷெப்பர்ட் பறந்தபோது 'ஏ-ஓகே' என்றார் என்று நாசாவின் செய்தித் தொடர்பாளர் அறிவித்தார். ஒலிப்பதிவின் எழுத்து வடிவில் ஷெப்பர்ட் அப்படிச் சொன்னதாக இல்லை. விரலை வளைத்து வட்டமாகக் காட்டும் ஓகே சைகை ஜப்பானில் காசைக் குறிக்கும், பிரேசிலில் கெட்ட வசவு. பயணம் போகிறவர்கள் கையைப் பையில் வைத்துக்கொள்க.

நம்மிடம் 'சரி' இருக்கும்போது இது எதற்கு என்று தமிழாசிரியர்கள் கேட்பது காதில் விழுகிறது. சரி என்பதற்குள் ஒரு வாத்தியார் உட்கார்ந்திருக்கிறார். அது தப்பு என்பதற்கு எதிரில் நிற்கும் சொல். சொல்பவர் பொறுப்பேற்க வேண்டும். வாயால் ஓகே சொல்பவர் எதற்கும் பொறுப்பல்ல. கேட்டேன், புரிந்தது, தடுக்கவில்லை, பிடித்ததாகவும் சொல்லவில்லை, அவ்வளவே. அலுவலகம் நடத்த இதைவிடத் தோதான சொல் கிடையாது.

முடிந்த முடிபு: ஓகே 1839-இல் பாஸ்டனில், வேலையற்ற ஒரு பத்திரிகைக்காரரின் எழுத்துப்பிழையாகப் பிறந்தது. தேர்தல் அதை வளர்த்தது. அந்தத் தேர்தலில் அது நின்ற பக்கம் தோற்றது. குலம் கோத்திரம் பார்த்துப் பெரிய வம்சத்தில் சேர்த்துவிட உலகம் முழுவதும் ஆட்கள் முயன்றுகொண்டிருக்கிறார்கள். கிரேக்கமும் சோக்டாவும் ஓகையும் அந்த முயற்சியில் விளைந்தவையே.

மாற்றுக் கருத்துடையோர் எழுதலாம். முதலெழுத்துகளை விரித்துக் காட்டும் கடிதங்கள் வேண்டாம். தாத்தா சொன்னார் என்பதும் வேண்டாம். 1839 மார்ச் 23-க்கு முந்திய அச்சுத்தாள் ஒன்று, தேதி தெரியும்படி, கையில் இருந்தால் மட்டும் அனுப்புங்கள். ஓகைக் கோட்பாட்டை வேறு யாரும் கருத்தரங்கில் வாசிக்க வேண்டாம். அடுத்த உலகத் தமிழ் மாநாட்டுக்கு அதை நான் ஏற்கெனவே எழுதத் தொடங்கிவிட்டேன்.